போன தண்ணீர்

ராஜாக்கள் கட்டிய கோட்டைகளைப் பற்றிச் சரித்திரப் புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொல்லுகின்றன. அந்த ராஜாக்களின் அடுப்பங்கரையில் பாத்திரம் கழுவிய தண்ணீர் எங்கே போயிற்று என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. ஒரு நாகரிகத்தின் லட்சணத்தை அறிய அதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை.

மொகஞ்சதாரோ இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுகிறது. சுமார் 4500 வருஷங்களுக்கு முன் அந்த ஊரில் வீட்டுக் கழிவுநீர், சுட்ட செங்கல்லால் கட்டிய தெருக் கால்வாயில் போய்ச் சேர்ந்தது. வழியில் ஆங்காங்கே குழிகள் இருந்தன. மண்டி அதில் தங்கும். நீர் மேலாக வழிந்து போகும். கால்வாயின் மூடுகற்களைப் பெயர்த்து எடுக்கவும் முடிந்தது. அடைத்துக் கொள்ளாத சாக்கடை உலகில் கிடையாது என்று தெரிந்தே கட்டியிருக்கிறார்கள்!

நம் தமிழில் இதற்கு 'அங்கணம்' என்று பழைய சொல் ஒன்று உண்டு. திருக்குறளிலேயே வருகிறது. நம் கிராமத்து வீடுகளில் பாத்திரம் கழுவிய தண்ணீர் தூம்பு வழியாகக் கொல்லைக்குப் போய் வாழைக்குப் பாய்ந்தது. வாழை குடிக்கும் வரையில் யாருக்கும் கவலை இல்லை. வீட்டின் மேல் வீடு ஏறி, எல்லார் தண்ணீரும் ஒரே குழாயில் சேர்ந்தபோதுதான் சங்கடம் பிறந்தது. போகிற வழியே வருகிற வழியும் ஆயிற்று.

இந்தச் சங்கடத்தைப் பூரணமாக அனுபவித்த ஊர் லண்டன். அங்கே அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் 1775-ல் ஒரு கழிப்பிடத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் அடிக்குழாயைப் பாம்பு போல் வளைத்திருந்தார். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் வளைவில் கொஞ்சம் நின்றுவிடும். அந்தக் கையளவு தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை வீட்டுக்குள் வரவொட்டாமல் தடுக்கும் கதவு. பிற்பாடு அடுப்பங்கரைத் தொட்டிக்கும் அதே வளைவு வந்து சேர்ந்தது.

ஆனால், வீட்டைவிட்டுப் போனதெல்லாம் தேம்ஸ் நதிக்கல்லவா போயிற்று? 1858-ஆம் வருஷக் கோடையில் நதி நாறியது. பார்லிமெண்டு ஜன்னல் திரைகளைச் சலவைத்தூள் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டும் அங்கத்தினர்களால் உட்கார முடியவில்லை. ஏழைகளின் மூக்கு எத்தனையோ வருஷம் பொறுத்ததைப் பிரபுக்களின் மூக்கு ஒரு கோடை பொறுக்கவில்லை. சட்டம் மளமளவென்று நிறைவேறியது. ஜோசப் பாஸல்கெட் என்ற இன்ஜினியர், நதிக்குப் போகிற சாக்கடைகளை இடைமறிக்க 82 மைல் பெருஞ்சாக்கடை கட்டினார்.

1871-ல் இளவரசருக்கு டைபாய்டு கண்டது. அவர் விருந்தாளியாகத் தங்கியிருந்த மாளிகையின் சாக்கடைமேல் பழி விழுந்தது. சீமான்கள் தங்கள் வீட்டுக் குழாய்களைச் சோதிக்கத் தொடங்கினார்கள். மேலே குழாயில் ஒருவர் வெந்நீரோடு புதினாத் தைலத்தை ஊற்றுவார். கீழே ஒருவர் அறை அறையாக மோந்து பார்ப்பார். புதினா மணந்தால் அங்கே ஓட்டை!

இன்னொரு விஷயமும் அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் தெளிவாயிற்று. மாடியிலிருந்து தண்ணீர் வேகமாக இறங்கும்போது காற்றையும் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறது. காற்று வர வேறு வழியில்லாவிட்டால், கீழ்வீட்டு வளைவில் நிற்கிற தண்ணீரையும் உறிஞ்சிவிடும். கதவு காணாமற் போய்விடும். அதற்காகத்தான் கூரைக்கு மேலே ஒரு காற்றுக்குழாயை நீட்டினார்கள்.

இவ்வளவு சரித்திரமும் ஒரு சமயம் எங்கள் வாடகை வீட்டில் அரங்கேறியது. சமையலறையைப் புதுப்பித்துப் பளபளவென்று தொட்டி வைத்துக் கொடுத்தார்கள். மாடியில் பாத்திரம் கழுவினால் எங்கள் தொட்டி 'களக், களக்' என்றது. பிறகு நாங்கள் சமைக்காத சோற்றின் பருக்கைகள் மேலே வந்தன. நாற்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

வயதான பிளம்பர் ஒருவர் வந்து பார்த்தார். காற்றுக்குழாயே இல்லை. புதுக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலமாவது வாட்டம் வேண்டும்; கொடுக்கவில்லை. ஓடும் திசைக்குச் சாய்ந்து சேர வேண்டிய குழாய், பழைய குழாயில் நேரே போய் முட்டியது. கம்பிச் சுருளை விட்டுத் திருகி, மெழுகு போன்ற கட்டி ஒன்றை வெளியே இழுத்தார்.

"அம்மா, நெய்யும் வனஸ்பதியும் சூட்டோடு ஓடும். உள்ளே போய் ஆறினால் கல்லு மாதிரி" என்றார் என் மனைவியிடம். "இங்கே நான் கம்பி விடுகிறேன். தெருவிலே அடைத்தால் ஆள் இறங்கணும்."

அவர் சொன்னதற்கு லண்டனே சாட்சி. 2017-ல் அங்கே வைட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் 130 டன் எடையும் 250 மீட்டர் நீளமுமாகக் கொழுப்பு உறைந்து கிடந்தது. சட்டியிலிருந்து வழித்து ஊற்றியதும் கண்டதைப் போட்டதும் சேர்ந்து வளர்த்த மலைப்பாம்பு!

நம் நாட்டில், பாதுகாப்புச் சாதனமின்றி மனிதனைச் சாக்கடைக்குள் இறக்குவது குற்றம் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. 2023-ல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்ததே, சாவு நிற்கவில்லை என்பதற்கு அத்தாட்சி. அவர்களைக் கொல்லுகிறது பெரும்பாலும் விஷக்காற்று. நம் தொட்டிக்கு அடியில் கையளவு தண்ணீர் நின்று தடுக்கிறதே, அதே காற்று.

நமக்கு அந்தத் தண்ணீர் காவல் நிற்கிறது. வளைவுக்கு அந்தப் பக்கம் நிற்பவனுக்கு யார் காவல்? சட்டம் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. வாணலியில் ஒட்டியிருப்பதைக் காகிதத்தில் வழித்துக் குப்பையில் போட்டுவிட்டுப் பிறகு கழுவுவதற்கு மட்டும் எந்தச் சட்டமும் வேண்டியதில்லை.