கேலம் போட்ட சாலை

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஸ்கை என்ற பெரிய தீவு இருக்கிறது. அதற்கும் பெருநிலத்துக்கும் நடுவில் தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் சிறிய தீவு ராசே. நீளம் சுமார் 22 கிலோமீட்டர். ஜனத்தொகை இருநூறுக்கும் குறைவு. மகள் கிளாஸ்கோவில் இருப்பதால் ஒரு கோடையில் அங்கே போய்வர வாய்த்தது. நெடுஞ்சாலைத் துறையில் 34 வருஷம் இருந்தவன் நான். அந்தத் தீவில் நான் பார்க்க விரும்பியது மூன்று கிலோமீட்டர்கூட இல்லாத ஒரு சாலையை.

அதன் கதை 1840-களில் தொடங்குகிறது. தலைமுறை தலைமுறையாகத் தீவை ஆண்ட மெக்லவுட் குடும்பம் கடனில் மூழ்கி அதை விற்றது. பிறகு ஜார்ஜ் ரெய்னி என்பவர் வாங்கினார். குத்தகை விவசாயிகளைவிடச் செம்மறி ஆடுகள் லாபம் என்பது அவர் கணக்கு. நல்ல மண் இருந்த ஊர்களைக் காலி செய்தார். குடியானவர்கள் பெருகக்கூடாது என்று கல்யாணத்துக்கே தடை போட்டார். பலர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். மிச்சம் இருந்தவர்கள் பாறையும் சதுப்புமான வடகோடிக்கும், அதற்கப்பால் ரோனா என்ற குட்டித் தீவுக்கும் ஒதுங்கினார்கள். யாரும் விரும்பிப் போன இடம் அல்ல அது.

அந்த வடகோடியில் ஆர்னிஷ், டோரன் என்று சிற்றூர்கள். தெற்கிலிருந்து வந்த சாலை பிராக்கல் என்ற இடிந்த கோட்டையோடு நின்றுவிட்டது. அங்கிருந்து ஆர்னிஷுக்கு ஒன்றே முக்கால் மைல், அதாவது சுமார் 2.8 கிலோமீட்டர். வெறும் ஒற்றையடிப் பாதை. மாவு, நிலக்கரி, ஆட்டுத் தீவனம் எல்லாம் முதுகில் சுமந்து வரவேண்டும், அல்லது கடல் அனுமதித்தால் படகில். நோயாளியைக் கொண்டுபோவதற்கும் இதே வழிகள்தான்.

சாலை கேட்டுப் பல பத்தாண்டுகள் மனுக் கொடுத்தார்கள். நடக்கவில்லை. இந்த மாதிரி விஷயத்தில் அலுவலகம் எப்படி யோசிக்கும் என்று எனக்குத் தெரியும். மதிப்பீட்டில் 'பயன்பெறும் மக்கள்தொகை' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் சின்ன எண் விழுந்தால் கோப்பு அடியில் போய்விடும். சாலை இல்லாததால் இளைஞர்கள் கிளம்புகிறார்கள். அவர்கள் கிளம்பியதால் எண் இன்னும் சிறுக்கிறது. அடுத்த மனுவுக்கு அதுவே பதிலாகிறது. போனவர்களை எந்த மதிப்பீடும் கணக்கில் எடுப்பதில்லை.

கேலம் மெக்லவுட் ஆர்னிஷ்காரர். 1911-ல் பிறந்தவர். கொஞ்சம் நிலம், ஆடுமாடு. பகுதிநேரத் தபால்காரர். ரோனா கலங்கரை விளக்கத்திலும் வேலை. ஏற்கெனவே 1949 முதல் 1952 வரை, தம் சகோதரரோடு சேர்ந்து டோரனிலிருந்து ஃபிளாடா என்ற தீவை நோக்கி ஒரு நடைபாதை அமைத்தவர். 1960-களின் நடுவில், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, ஆர்னிஷ் சாலையைத் தாமே போடுவதென்று இறங்கினார்.

தாமஸ் எயிட்கன் என்பவர் சாலை அமைத்தல் பற்றி எழுதிய ஒரு பழைய பொறியியல் நூலை இரண்டரை ஷில்லிங்குக்கு வாங்கிப் படித்தார். பாறையை வெடிவைத்துத் தகர்க்கும் வேலையில் மட்டும் விவசாயத் துறை உதவியது. மற்றதெல்லாம் பிக்காசு, மண்வெட்டி, கோடாலி, ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி. தம் மற்ற வேலைகளுக்கு நடுவே சுமார் பத்து வருஷம், ஒற்றை ஆளாக.

தூரம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் அங்கே நடந்து பார்த்தால் தொழில் தெரிந்தவனுக்கு வியர்க்கும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கடலை நோக்கிச் சரியும் சரிவு, நடுவில் பீட் எனப்படும் கறுப்புச் சதுப்பு மண். ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் அந்த மண்மேல் கல்லைக் கொட்டினால் கல்தான் அமிழும். அதனால் முதலில் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஓரத்தில் வடிகால், குறுக்கே சிறுபாலங்கள், சரிவுப் பக்கம் கல் அடுக்கிய தாங்கு சுவர் என்று முறையாகச் செய்திருக்கிறார். மழை ஓயாத ஊரில் வடிகால் சரியில்லாத சாலை சில குளிர்காலங்கள்கூடத் தாங்காது. இது நின்றது.

1974 வாக்கில் வேலை முடிந்தது. 1982-ல்தான் உள்ளாட்சி அதை ஏற்றுக்கொண்டு தார் போட்டது. அதற்குள் ஆர்னிஷில் வசித்தவர்கள் இரண்டே பேர்: கேலமும் அவர் மனைவியும். ஊரைக் காப்பாற்றப் போட்ட சாலை வந்து சேர்ந்தபோது ஊர் இல்லை.

அவருக்குப் பிரிட்டிஷ் எம்பயர் மெடல் கிடைத்தது. ஆனால் சாலைக்காக அல்ல. ரோனா கலங்கரை விளக்கத்துக்குப் பொருள்கள் தடையின்றிப் போய்ச்சேரச் செய்ததற்காக என்றுதான் காரணம் சொல்லப்பட்டது. 1988-ல் காலமானார். பிராக்கலில் சாலை தொடங்கும் இடத்தில் இப்போது கல் குவித்த நினைவுச் சின்னமும், கேலிக்கிலும் ஆங்கிலத்திலும் எழுதிய பலகையும் இருக்கின்றன.

அதே 1911-ல் அதே தீவில் பிறந்தவர் சோர்லி மெக்லீன், கேலிக் மொழியின் பெருங்கவிஞர். காலி செய்யப்பட்ட ஹாலெய்க் என்ற ராசே கிராமத்தைப் பற்றி அவர் எழுதிய கவிதையின் பெயரைத்தான், 2013 முதல் அந்தத் தடத்தில் ஓடும் கார்ப்படகுக்கு வைத்திருக்கிறார்கள். 2017-ல் தீவின் தெற்கே ஒரு விஸ்கி ஆலையும் வந்தது. அதனால் சிலருக்கு உள்ளூரிலேயே வேலை. வேலையும் படகும் இருந்தால் மக்கள் தங்குகிறார்கள் என்பதைத் தெற்கில் பார்க்கலாம்.

வடக்கே கேலம் போட்ட சாலையில் இப்போது கார்கள் போகின்றன. பெரும்பாலும் சாலையையே பார்க்க வரும் என்னைப் போன்றவர்கள். ஆர்னிஷில் ஆட்கள் இருந்தபோதே அதைப் போட்டிருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்று மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் துறையில் ஒரு சிறிய பாலத்துக்கு ஆகும் தொகையைத் தாண்டாது.