ராய்ச்சூர்க் கோட்டையும் அதன் உடையோரும்

கிருஷ்ணையும் துங்கபத்திரையும் கூடுவதற்கு முன் தமக்கிடையே ஒரு நிலத்தை விட்டுச் செல்கின்றன. வடக்கே ஆண்டோர்க்கும் தெற்கே ஆண்டோர்க்கும் அது தீராத வழக்காயிற்று. அந்நிலத்தின் பூட்டாக நின்றது ராய்ச்சூர்க் கோட்டை.

கோட்டையை எழுப்பியவர் காகதீயர். உள்மதிலில் ஏறத்தாழ 40 அடி நீளமுள்ள ஒரே கல்லில், 1294இல் படைத்தலைவன் விட்டலன் அதனைக் கட்டிய செய்தி தெலுங்கில் பொறிக்கப்பட்டுள்ளது. அக்கல்லைப் பல இணை மாடுகள் பூட்டிய வண்டியில் இழுத்து வந்த காட்சியையும் அங்கேயே செதுக்கி வைத்திருக்கின்றனர். கட்டுவித்தவன் பெயரோடு இழுத்தவர் உழைப்பையும் காட்டும் கல்வெட்டுகள் நம் நாட்டில் மிகுதியல்ல.

காகதீயர் 1323இல் வீழ்ந்தனர். 1347இல் எழுந்த பாமினி அரசும் விஜயநகரமும் இதன்பொருட்டுத் தலைமுறை தலைமுறையாக மோதின. பாமினி அரசு சிதைந்தபின் கோட்டை பிஜப்பூர் அதில்ஷாகியரிடம் இருந்தது.

இப்போர்களைச் சமயப் போர்கள் எனச் சொல்லும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. 1520ஆம் ஆண்டுப் போரைப் பற்றிப் போர்ச்சுகீசியர் நூனிஸ் எழுதியதைப் படிப்போர்க்கு அவ்வழக்கம் பொருந்தாது எனத் தோன்றும். குதிரை வாங்கக் கிருஷ்ணதேவராயர் பொன் கொடுத்தனுப்பிய வணிகன் ஒரு முஸ்லிம். அவன் பொன்னோடு அதில்ஷாவிடம் அடைக்கலம் புகுந்தான். அவனைத் திருப்பியனுப்பக் கேட்டும் பயனில்லை. போருக்குச் சொல்லப்பட்ட காரணம் இதுவே. சாக்கு அதுவாயினும், நாட்டம் ஆற்றிடை நிலத்தின் மேல்தான் என்பது நம் கருத்து.

ராயர் முதலில் கோட்டையை முற்றுகையிட்டார். அதனை மீட்க வந்த இஸ்மாயில் அதில்ஷா கிருஷ்ணையைக் கடந்தார். அவருடைய பீரங்கிகள் ராயரின் முன்னணியைச் சிதறடித்தன. ஆயினும் ராயர் தாமே முன்னின்று படையைத் திரட்டித் தாக்க, பிஜப்பூர்ப் படை ஆற்றை நோக்கி ஓடியது; வெள்ளத்தில் மாண்டவர் பலர்.

களம் வென்றும் கோட்டை விழவில்லை. மதிலைப் பெயர்த்தது பீரங்கியன்று, கடப்பாரையும் குந்தாலியுமே. வீரர் பெயர்த்துக் கொணரும் கற்களைத் தலைவர்கள் விலை கொடுத்து வாங்கினர் என்கிறார் நூனிஸ். கூலிக்கு மதில் இடித்த போர் என்றே இதனைச் சொல்லலாம்! மேலிருந்து கல்லெறிந்து தடுத்தவர்களை, கிறிஸ்தோவம் த ஃபிகெய்ரெதோ என்பவரும் அவருடன் வந்த போர்ச்சுகீசியரும் துப்பாக்கியால் வீழ்த்தினர். மதிலுக்கு வெளியே தலை நீட்டிப் பார்த்த கோட்டைத் தலைவன் நெற்றியில் குண்டு பட்டு இறந்தான். அதன்பின் நகரம் பணிந்தது. மக்களின் உடைமைக்கு ராயர் காப்பளித்தார்.

அவ்வெற்றி நெடுநாள் நிலைக்கவில்லை. ராயர் 1529இல் மறைந்ததும் இஸ்மாயில் கோட்டையை மீட்டுக்கொண்டார். பின்னர் அது ராமராயரின் கைக்கு வந்து, 1565இல் தலைக்கோட்டைப் போருக்குப்பின் மீண்டும் பிஜப்பூரைச் சேர்ந்தது. விஜயநகரம் மெலிந்ததும் எல்லையே தெற்கே நகர்ந்துவிட்டது; எல்லையின்றி எல்லைக்கோட்டைக்கு என்ன மதிப்பு? 1686இல் பிஜப்பூரை வென்ற ஔரங்கசீப், அவருக்குப்பின் நிஜாம் என உடையோர் மாறினர். 1853இல் நிஜாமின் கடனுக்கு ஈடாக இந்நிலம் ஆங்கிலேயர் நிர்வாகத்திற்குப் போயிற்று, 1860இல் திரும்பியது. வாளால் மாறிய நிலம் கணக்கேட்டாலும் மாறியது.

1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது ராய்ச்சூர், ஐதராபாத்தினின்றும் பிரிந்து மைசூர் மாநிலத்தைச் சேர்ந்தது. விட்டலனின் தெலுங்குக் கல் இன்று கன்னட நாட்டு மதிலில் இருக்கிறது. அதனை யாரும் பெயர்க்கவில்லை.