மானாமதுரை–தனுஷ்கோடி இருப்புப்பாதை

மானாமதுரையிலிருந்து பரமக்குடி, இராமநாதபுரம், மண்டபம் வழியாகச் சென்று, பாம்பன் கடலைக் கடந்து இராமேசுவரத்தில் முடியும் தெற்கு ரயில்வேயின் பாதை. 1964 வரை இதன் கடைசி நிலையம் தனுஷ்கோடி. இராமேசுவரம் அப்போது கிளைப்பாதையில் இருந்த ஊர். இராமநாதசுவாமியைத் தரிசிக்க வருவோருக்காகவே வெள்ளைக்காரன் கடலில் பாலம் கட்டினான் என்ற பேச்சு இன்றும் உண்டு. பக்தர் கூட்டம் வருமானம் தந்தது உண்மைதான். ஆனால் பாதையைக் கடல்வரை இழுத்தது கொழும்பு.

பின்னணி

1876இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. அதற்குப் பின் சென்னையிலிருந்து இலங்கை செல்வோர் தூத்துக்குடியில் இறங்கிக் கப்பல் ஏறினர். கரையோரம் ஆழம் இல்லாததால் கப்பல்கள் சில மைல் தள்ளியே நங்கூரமிடும். படகில் போய், பெட்டி படுக்கையோடு கப்பலுக்கு மாறி, இரவு முழுதும் கடலில் ஆடிக்கொண்டு கொழும்பு சேர வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கும் கங்காணிகள் திருச்சி, மதுரை, இராமநாதபுரம் வட்டாரங்களிலிருந்து கூட்டிப்போன குடும்பங்களுக்கு இன்னொரு வழியும் இருந்தது: கரைவரை நடை, மன்னாருக்குத் தோணி, அங்கிருந்து காட்டுவழியாக மலைநாட்டுக்கு மீண்டும் நடை. காலராவிலும் காய்ச்சலிலும் அந்த வழியில் மாண்டவர்கள் ஏராளம்.

பாக் நீரிணையில் கடல் மிகக் குறுகலாக இருப்பது தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில்தான். அங்கே ரயிலைக் கொண்டுபோய்விட்டால் கடல்பயணம் இரண்டு மூன்று மணி நேரமாகச் சுருங்கிவிடும். இந்தக் கணக்கில் 1902இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை மீட்டர் பாதை திறக்கப்பட்டது. எஞ்சியது, மண்டபத்துக்கும் பாம்பன் தீவுக்கும் நடுவே இருந்த இரண்டு கிலோமீட்டர் கடல்.

பாம்பன் பாலம்

கட்டுமானம் 1911இல் தொடங்கி, 1914 பிப்ரவரி 24 அன்று பாலம் திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 2.06 கி.மீ. 145 சாதாரணக் கண்களோடு, கப்பல் போவதற்காக நடுவே ஒரு தூக்குக் கண். அமெரிக்கப் பொறியாளர் ஷெர்சரின் பெயரால் வழங்கும் அமைப்பு அது. இரண்டு பக்கத்து இரும்புச் சட்டங்களும் தத்தம் கரையை நோக்கிச் சாய்ந்தபடி மேலே எழும்பும். எதிர் எடைகள் பாரத்தைத் தாங்கும். இதற்கு மோட்டார் கிடையாது. இருபுறமும் ஊழியர்கள் நின்று கைப்பிடிகளைச் சுற்றச் சுற்றப் பற்சக்கரங்கள் நகர்ந்து பாலம் விரியும். நூறாண்டுக்கு மேல் அப்படித்தான் திறந்து மூடினார்கள். காற்றின் வேகம் மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்புக்கு மாறும் ஏற்பாடும் பின்னாளில் வந்தது.

போட் மெயில்

பாலம் திறந்ததும் சென்னை எழும்பூரில் கொழும்புக்கே ஒரே சீட்டு வாங்க முடிந்தது. தனுஷ்கோடித் துறைவரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், பிறகு இலங்கை ரயில். அந்த வண்டிக்கு ‘போட் மெயில்’ என்ற பெயர் நிலைத்தது. கடலுக்குக் குறுக்கேயும் பாலம் போட்டு நேராகவே ரயிலை விடும் எண்ணமும் இருந்தது. செலவை நினைத்துக் கைவிட்டார்கள். பாலம் கட்டியிருந்தாலும் ஒரே வண்டி இருபுறமும் ஓடியிருக்காது: இங்கே மீட்டர் பாதை, இலங்கையில் அகலப்பாதை.

நிலையங்கள்

பரமக்குடி, சத்திரக்குடி, இராமநாதபுரம், உச்சிப்புளி ஆகியவை வழக்கமான உள்நாட்டு நிலையங்கள். மண்டபம் முகாம் நிலையத்தின் கதை வேறு. தோட்டத்துக்குப் போகும் தொழிலாளர்களை இங்கே இறக்கி, இலங்கை அரசின் பொறுப்பில் நடந்த முகாமில் சில நாள் தங்கவைத்து, அம்மை குத்தி, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே கப்பலுக்கு அனுப்புவார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்ட பின், அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இதே மண்டபத்துக்குத் தாயகம் திரும்பியோராக வந்து இறங்கினர். 1983 கலவரத்துக்குப் பிறகு ஈழ அகதிகள் வந்தார்கள். இவ்வளவு பேரின் போக்கும் வரவும் பதிந்த நிலையம் இந்தப் பாதையில் வேறில்லை. அப்படியிருந்தும், இராமேசுவரம் போகும் பயணிகள் சன்னல் வழியே அதை ஏறிட்டுப் பார்ப்பதுகூட அரிது.

பாலத்தைத் தாண்டியதும் பாம்பன் சந்திப்பு. முதன்மைப் பாதை இங்கிருந்து தனுஷ்கோடிக்குப் போனது. தங்கச்சிமடம் வழியாக இராமேசுவரத்துக்குக் கிளை பிரிந்தது. தனுஷ்கோடிப் பாதையில் இராமேசுவரம் ரோடு என்றொரு நிலையமும் இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ரயில் இராமேசுவரத்தில் நிற்பது நிறுத்தப்பட்டபோது, அந்தப் பகுதியில் ஓடும் வண்டியிலிருந்து நாளிதழ்க் கட்டுகளை வீசுவார்கள் என்று அப்துல் கலாம் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். உறவினர் சம்சுதீனுக்கு அந்தக் கட்டுகளைப் பிடித்துத் தந்ததுதான் சிறுவன் கலாமின் முதல் சம்பாத்தியம்.

தனுஷ்கோடி, ரயிலால் உண்டான துறைமுக ஊர். ரயில் நிலையம், சுங்கச் சாவடி, அஞ்சலகம், தேவாலயம், மீனவர் குடியிருப்பு எல்லாம் ஒரு மணல் திட்டின்மேல், இருபுறமும் கடலுக்கு நடுவே இருந்தன.

1964 புயல்

1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி, பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் வண்டி தனுஷ்கோடியை நெருங்கும் வேளையில் பேரலை அதை அப்படியே வாரிக்கொண்டது. வண்டியில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் யாரும் பிழைக்கவில்லை. விடிந்தபோது நிலையமும் தண்டவாளமும் ஊரும் சிதைந்து கிடந்தன. பாம்பன் பாலத்தில் 126 கண்களின் இரும்புத் தூலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. ஷெர்சர் தூக்குக் கண் மட்டும் அசையாமல் நின்றது.

சீரமைப்புப் பொறுப்பு இளம் பொறியாளர் இ.ஸ்ரீதரனிடம் ஒப்படைக்கப்பட்டது. தூலங்கள் கடலடியில் கிடப்பதை மீனவர்கள் கண்டு சொல்ல, அவற்றை மீட்டெடுத்து மீண்டும் பொருத்தினர். மாதக்கணக்கில் ஆகும் என்று ரயில்வே கருதிய வேலை 46 நாளில் முடிந்தது. பிற்காலத்தில் கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் அவர் பெயரைப் பரப்பினாலும், பெயர் எடுத்த முதல் வேலை இதுதான்.

பாலத்தை மீட்டவர்கள் தனுஷ்கோடிப் பாதையைத் தொடவில்லை. ஊர் மக்கள் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்துவிட்டது. கப்பல்துறை இராமேசுவரத்துக்கு மாறியது. கிளைப்பாதையே முதன்மைப் பாதையானது. பாம்பன், சந்திப்பு என்ற தகுதியை இழந்தது. இராமேசுவரம்–தலைமன்னார்க் கப்பலும் இலங்கை உள்நாட்டுப் போரால் 1984இல் நின்றது. அதன்பின் போட் மெயிலில் படகு இல்லை, பெயர் மட்டும்தான்.

அகலப்பாதையும் புதிய பாலமும்

1988இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும்வரை தீவுக்கு ரயிலை விட்டால் படகுதான். சாலை வந்த பிறகும் ரயிலுக்குக் கூட்டம் குறையவில்லை. மானாமதுரை–இராமேசுவரம் பகுதி 2007 ஆகஸ்டில் அகலப்பாதையானது. பழைய பாலத்தையே வலுப்படுத்தி அகல ரயிலை ஓட்டினார்கள். உப்புக்காற்று அரித்த இரும்பு நெடுநாள் தாங்கவில்லை. 2022 டிசம்பரில் பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, வண்டிகள் தீவுக்குள் வராமல் இக்கரையிலேயே நின்று திரும்பின.

பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே கட்டிய புதிய பாலத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2025 ஏப்ரல் 6 அன்று திறந்துவைத்தார். 18.3 மீட்டர் அளவில் 99 கண்களும், 72.5 மீட்டர் நீளத் தூக்குக் கண் ஒன்றும் கொண்டது. இரண்டாகப் பிரிந்து சாயாமல், அந்தக் கண் முழுதும் 17 மீட்டர் உயரத்துக்கு மோட்டாரால் நேராக மேலே எழும்பும்.

தலைமன்னார்த் துறைவரையிலான இலங்கைப் பாதையும் போருக்குப் பின் இந்தியப் பொதுத்துறை நிறுவனமான இர்கானால் புதுப்பிக்கப்பட்டு 2015 மார்ச்சில் திறக்கப்பட்டது. ஆக, இப்போது இரு கரையிலும் ஒரே அளவான அகலப்பாதை; இடையே கப்பல் மட்டும் கிடையாது. இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு 17 கி.மீ. தூரம் பாதை அமைக்க 2019 மார்ச் 1 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது, தண்டவாளம் போடப்படவில்லை. தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனைவரை சாலைதான் போகிறது.