பூச்சிக்கொல்லித் தடை: மாநிலங்களின் அதிகாரம் 90 நாள்களே

பெங்களூரு: ஒரு பூச்சிக்கொல்லியால் மனித உயிருக்கு ஆபத்து என மாநில அரசு கருதினாலும், அதன் விற்பனையையும் பயன்பாட்டையும் அதிகபட்சமாக 90 நாள்களுக்கு மட்டுமே நிறுத்திவைக்க இயலும். நிரந்தரத் தடைக்கான அதிகாரம் மத்திய அரசிடமே உள்ளது. எண்டோசல்பான் விவகாரத்தில் கர்நாடகம் இந்த வரம்பை நேரடியாக எதிர்கொண்டது.

சட்டத்தின் பின்னணி

1958-இல் கேரளத்திலும் அன்றைய சென்னை மாகாணத்திலும் பாரத்தியான் பூச்சிக்கொல்லி கலந்த உணவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதைத் தொடர்ந்த விசாரணையின் விளைவாக, பூச்சிக்கொல்லிகள் சட்டம் 1968-இல் இயற்றப்பட்டு, 1971-இல் நடைமுறைக்கு வந்தது.

யாருக்கு என்ன அதிகாரம்?

இச்சட்டத்தின்படி, பூச்சிக்கொல்லிகளுக்கு நாடு முழுமைக்குமான பதிவுச் சான்றிதழை மத்திய பதிவுக் குழு வழங்குகிறது. விற்பனை உரிமம் அளிப்பது, ஆய்வாளர்களை நியமிப்பது, மாதிரிகளைப் பரிசோதிப்பது ஆகியவை மாநில அரசின் பொறுப்புகள்.

அவசரச் சூழலில் 27-ஆவது பிரிவின்கீழ், விசாரணை முடியும்வரை மாநில அரசு 60 நாள்களுக்குத் தடை விதிக்கலாம். விசாரணை நிறைவடையாவிட்டால் மேலும் 30 நாள்கள் நீட்டிக்கலாம். அதன்பின், பதிவுக் குழுவைக் கலந்தாலோசித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டியது மத்திய அரசே.

கர்நாடகத்தின் அனுபவம்

தென் கன்னட மாவட்டத்தில் அரசு நிறுவனத்தின் முந்திரித் தோட்டங்களில் பல ஆண்டுகளாக ஹெலிகாப்டர் மூலம் எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. அப்பகுதிக் கிராமங்களில் பிறவிக் குறைபாடுகளும் நரம்பியல் பாதிப்புகளும் காணப்பட்டதாகப் புகார்கள் எழுந்தன.

இதையடுத்து, 2011 பிப்ரவரியில் கர்நாடக அரசு எண்டோசல்பானுக்கு 60 நாள் தடை விதித்தது. அதே ஆண்டு ஏப்ரலில், ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் அதனை உலக அளவில் கைவிட வேண்டிய வேதிப்பொருள்களின் பட்டியலில் சேர்த்தன. மே 13-ஆம் தேதி, அதன் உற்பத்தி, விற்பனை, பயன்பாட்டுக்கு நாடு முழுவதும் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. மாநிலத்தின் தற்காலிக நடவடிக்கை நீடித்த தடையாக மாறியது நீதிமன்ற உத்தரவால்தான்.

தமிழகத்திலும் இதே நிலை

தற்கொலைகளைத் தடுக்கும் நோக்கில் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட 6 பூச்சிக்கொல்லிகளுக்குத் தமிழக அரசு விதித்த தடையும் 60 நாள்களுக்கானதே. 36 சதவீதத் திரவ வடிவ மோனோகுரோட்டோபாஸுக்கு நாடு தழுவிய தடை ஆணையை மத்திய அரசு 2023-இல் வெளியிட்டது.

பழைய சட்டத்துக்கு மாற்றாகப் பூச்சிக்கொல்லி மேலாண்மை மசோதா 2020 மார்ச்சில் மாநிலங்களவையில் அறிமுகப்படுத்தப்பட்டது.

விவசாயிகள் கவனிக்க வேண்டியது

பூச்சிக்கொல்லிப் புட்டியின் லேபிளில் உள்ள வண்ணம் நச்சுத்தன்மையின் அளவைக் குறிக்கிறது. சிவப்பு மிகக் கடுமையான நஞ்சைக் குறிக்கும்; மஞ்சள், நீலம், பச்சை என வரிசையாக நச்சுத்தன்மை குறையும். பச்சை நிற லேபிள் கொண்டதும் நஞ்சே என்பதால், அதனைத் தெளிக்கும்போதும் கையுறை, முகக்கவசம் அணிவது அவசியம்.