கஞ்சியிலிருந்து மனைக்கு: செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷன் பணியின் திருப்பம்

சிவனின் தேர் அச்சு இற்ற இடம் என்பதால் அச்சிறுபாக்கம் என்று தலபுராணம் சொல்லும். நாளடைவில் அது அச்சரப்பாக்கம் ஆயிற்று. இன்று ஜி.எஸ்.டி. சாலையில் போகிறவர்களுக்கு மலைமேல் மழை மலை மாதா திருத்தலம் தெரிகிறது. அந்தப் பெயரில் மழை இருப்பது பொருத்தம்தான். இது ஏரியை நம்பி வாழ்ந்த சீமை. மழை பொய்த்தால் இங்கே முதலில் பட்டினி கிடந்தது யார் என்று கேட்டால்தான், கடல் கடந்து வந்த கிறிஸ்தவப் பணி இந்த மாவட்டத்தில் ஏன் திசை மாறியது என்பது விளங்கும்.

அந்தப் பணி பள்ளிக்கூடத்தில் தொடங்கியது. 1837இல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் ஆங்கிலக் கல்வியையும் வேதப் பாடத்தையும் சேர்த்துக் கற்பிக்கும் பள்ளியை நிறுவினார். செங்கல்பட்டிலும் காஞ்சிபுரத்திலும் அதன் கிளைகள் எழுந்தன. பறையர் சிறுவர்கள் சேர்ந்ததால் மேல்சாதி மாணவர் பலர் சென்னைப் பள்ளியைவிட்டு வெளியேறியபோதும் அவர் அந்தச் சிறுவர்களை நீக்கவில்லை. ஆனாலும் மிஷனின் கண் அப்போது ஊர்த் தெருவின் மீதே இருந்தது. பிராமணரும் வேளாளரும் மனம் மாறினால் மற்றவர்கள் தாமே பின்தொடர்வார்கள் என்று நம்பினார்கள். சேரி அவர்கள் கணக்கில் கடைசியில்தான் வந்தது.

அந்தக் கணக்கைக் குலைத்தது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவில் மாண்டவர்கள் ஐம்பது லட்சத்துக்கு மேல் என்பது பலரும் ஏற்கும் மதிப்பீடு. செங்கல்பட்டுச் சீமையில் படியாளுக்குக் கூலி காசாக அல்ல, படியாக, நெல்லாகக் கிடைத்தது. விளைச்சல் இல்லையென்றால் அளக்கப் படி இல்லை. கையில் சேமிப்பும் கிடையாது. மிராசுதாரின் குதிரில் நெல் தீருமுன்பே சேரியில் அடுப்பு அணைந்துவிடும். நிவாரண வேலைக்கான தானியத்தை 1877 தொடக்கத்தில் இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதி சர் ரிச்சர்ட் டெம்பிள் நாளொன்றுக்கு ஒரு பவுண்டாகக் குறைத்தார். நாள் முழுவதும் மண் சுமக்கும் உடம்புக்கு அரைக் கிலோகூட இல்லை. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். மாமல்லபுரக் கரையோரம் ஓடும் பக்கிங்ஹாம் கால்வாயில், சென்னைக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி அப்படிப் பசித்தவர்கள் வெட்டியதுதான். லண்டன் மேயரின் மாளிகையில் தொடங்கிய நிதியில் ஐந்து லட்சம் பவுனுக்கு மேல் சேர்ந்தது. அந்தப் பணத்தைக் கிராமங்களில் பங்கிடும் வேலையில் மிஷனரிகளும் இருந்தனர்.

பஞ்சத்துக்குப் பிறகு சேரிகளிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் மிஷனைத் தேடி வந்தார்கள். சோற்றுக்காக வந்தவர்கள் என்று அவர்களை இகழ்வது அன்றும் வழக்கம், இன்றும் வழக்கம். பட்டினி கிடந்தவன் சோறு கேட்டதை இழிவாகப் பேசும் அந்தச் சொல் எனக்கு ஏற்புடையதன்று. மேலும் அவர்கள் கேட்டது சோறு மட்டுமன்று, குடியிருக்க மனையும்தான்.

1880களில் செங்கல்பட்டில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ இதைச் சேரியில்தான் கற்றுக்கொண்டார். ஒரு படியாளின் குடிசையை எண்ணிப் பார்க்கலாம். மூங்கில் அவன் வெட்டியது, பனையோலை அவன் முடைந்தது, சுவருக்கு மண் குழைத்தது அவன் மனைவி. ஆனால் குடிசை நிற்கும் நத்தம் தமது என்று மிராசுதார் உரிமை கொண்டாடினார். கூலி உயர்த்திக் கேட்டாலோ, பிள்ளையை மிஷன் பள்ளிக்கு அனுப்பினாலோ, வேறு பண்ணைக்கு வேலைக்குப் போனாலோ, ‘மனையைக் காலி செய்’ என்ற ஒரு சொல் போதும். தரிசு நிலம் கேட்டுத் தர்காஸ்து மனு போட்டாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை. காலுக்குக் கீழே உள்ள மண் பிறருடையதாக இருக்கும்வரை பள்ளிக்கூடமும் கஞ்சித்தொட்டியும் எவ்வளவு தூரம் உதவும்? ஆண்ட்ரூவும், திருவள்ளூர்ப் பக்கம் பணியாற்றிய வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கௌடியும் இந்த மனைப் பிரச்சினையை அரசின் முன் கொண்டு சென்றனர்.

மாவட்ட ஆட்சியர் ட்ரெமன்ஹீர் 1891 அக்டோபரில் அனுப்பிய அறிக்கையில் மிஷனரிகள் திரட்டிய செய்திகளும் உண்டு. பறையர்களின் உணவு, உடை, குடிசை, கடன், கூலி என ஒவ்வொன்றாக விவரித்து, மனைக்கும் நிலத்துக்கும் உரிமை தர வேண்டும் என்றார் அவர். வருவாய் வாரியத்துக்கு அது கசந்தது. 1892 செப்டம்பர் 30 அன்று வந்த 1010ஆம் எண் அரசாணை அவர் கேட்டதில் ஒரு பங்கைத்தான் தந்தது. ஆனாலும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென அரசு ஒதுக்கிய, இன்று பஞ்சமி நிலம் என்று நாம் அழைக்கும் நிலத்தின் வரலாற்றை அந்த ஆணையிலிருந்தே தொடங்குகிறோம்.

ஆண்ட்ரூ அரசை மட்டும் நம்பியிருக்கவில்லை. செங்கல்பட்டுக்கு வடக்கே நிலம் பெற்று, ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் ஊர்ப் பெயரால் மெல்ரோசாபுரம் என்ற குடியிருப்பை 1890களில் உருவாக்கினார். படியாளாக இருந்தவன் அங்கே தன் ஏரில் உழுதான். இதில் ஒரு முரண் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மிராசுதாரின் இடத்தில் இப்போது மிஷன் இருந்தது. குடியிருப்பின் ஒழுங்கையும் வழிபாட்டையும் மிஷனே வகுத்தது. கருணையோடு நடத்தினாலும் நிலத்துக்காரர் நிலத்துக்காரர்தான்.

இந்த முரணை அன்றே உணர்ந்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். அச்சரப்பாக்கம் அடங்கிய மதுராந்தகம் வட்டாரத்தில் கோழியாளம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். மதம் மாறித்தான் மதிப்புப் பெற வேண்டும் என்பதை அவர் ஏற்கவில்லை. இழிவாக வீசப்பட்ட பெயரையே இதழின் நெற்றியில் பொறித்தார். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரும் அதே ஆண்டுகளில் தமக்கென ஒரு வழியைத் தேடிக்கொண்டிருந்தார். மிஷனரி மனுக்களை மட்டும் வைத்து இந்த வரலாற்றை எழுதினால், ஆண்ட்ரூவுக்குச் சேரியின் நிலையைச் சொல்லிக் கொடுத்தவர்கள் மறைந்துபோவார்கள். அவர்களின் பெயர்கள் மிஷன் அறிக்கைகளில் பெரும்பாலும் ‘ஒரு பறையர்’ என்றே நிற்கின்றன. கற்பிக்கக் கடல் கடந்து வந்தவருக்கு அவர்களே ஆசிரியர்கள் என்பது என் முடிவு.

1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மிஷனின் சபைகள் அதில் கலந்தன. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதிகளை இந்துக்களுக்குள் நிறுத்தியது. அதனால் மதம் மாறிய குடும்பங்கள், சேரியில் அதே குடிசையில் வாழ்ந்தும் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றன.

மனையும் நிலமும் கேட்ட குரல் ஓயவில்லை. மாமல்லபுரம் வட்டாரத்துக் காரணையில் பிறர் கைக்குப் போன பஞ்சமி நிலத்தை மீட்கத் தலித் மக்கள் திரண்டார்கள். 1994 அக்டோபர் 10 அன்று, ட்ரெமன்ஹீரின் அறிக்கை பிறந்த அதே மாவட்டத்தின் செங்கல்பட்டு நகரில் அவர்கள்மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. அதில் உயிரிழந்தவர்களில் ஒருவர் ஜான் தாமஸ், மற்றவர் ஏழுமலை.