அமெரிக்கப் பள்ளிகளில் ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி

கதையைப் படித்து அதைப் பற்றிக் கட்டுரை எழுதும் வழக்கம் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் வேரூன்றக் கல்லூரி நுழைவுத் தேர்வே முக்கியக் காரணம். 1874இல் ஹார்வர்டில் சேர விரும்பியவர்கள் ஷேக்ஸ்பியர் நாடகங்கள், ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' போன்ற நூல்களிலிருந்து தரப்படும் பொருளில் சிறு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. எழுத்துப்பிழை, நிறுத்தற்குறி, இலக்கணம் ஆகியவையே பெரிதாகப் பார்க்கப்பட்டன. கதை பிடித்ததா என்று யார் கேட்டார்கள்? கல்லூரிகள் தனித்தனிப் பட்டியல் வெளியிட்டதால் பள்ளிகள் திணறின. 1894இல் கூடிய மாநாடு பொதுப் பட்டியல் வகுத்தது. 'சைலஸ் மார்னர்' பல தலைமுறைகளுக்குப் பாடமானது இப்படித்தான். கல்லூரி வாசலை மிதிக்காத பெரும்பான்மையோரும் அதையே படித்தனர். இதை எதிர்த்த ஆசிரியர்கள் 1911இல் சிகாகோவில் தேசிய ஆங்கில ஆசிரியர் மன்றத்தை அமைத்தனர். மன்றத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹோசிக் தொகுத்த 1917ஆம் ஆண்டு அறிக்கை, மாணவர் தம் சொந்த அனுபவத்தை எழுதவும் பேசவும் இடம் கேட்டது.