பட்ரிக் ஏன் மூலையில் நின்றான்?

பிள்ளைகளுக்கான உளச்சிகிச்சை பற்றி எழுதுகிறவர்கள் இப்போது அடிக்கடி பாவிக்கிற சொல் மென்டலைசேஷன். ஒரு ஆளின் செயலைக் கண்டால், அதுக்குப் பின்னால என்ன பயம், என்ன ஆசை இருக்கும் எண்டு யோசிக்கிற ஆற்றல்தான் அது. சொல்லைப் பரப்பியவர் பீட்டர் ஃபொனகி, 1990களில். ஆனால் வேலை அதுக்கு ஐம்பது வருசம் முந்தியது.

1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி வியன்னாவை விட்டு வந்த அன்னா பிராய்ட், தோழி டொரத்தி பர்லிங்ஹாமோடு சேர்ந்து லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் போர்க்காலப் பிள்ளைகள் இல்லங்களை நடத்தினார். அங்கே வேலை செய்கிற எல்லாரும் பிள்ளைகளிடம் கண்டதை அட்டைகளில் எழுத வேண்டும். கொதிகலனைப் பார்த்துக்கொண்ட ஜேம்ஸ் ரொபர்ட்சன்கூட எழுதினார். (ஆஸ்பத்திரியில் தாயைப் பிரிந்திருக்கும் இரண்டு வயதுப் பிள்ளையை 1952இல் படமாக்கிக் காட்டியவர் இதே ஆள்தான்.)

அங்கே பதிவானவன் பட்ரிக், மூன்று வயது. அழாமல் இருந்தால்தான் பார்க்க வருவேன் எண்டு சொல்லிவிட்டுத் தாய் போனார். அவன் அழவில்லை. அம்மா வருவா, கோட் போட்டுவிடுவா, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவா எண்டு திரும்பத் திரும்பச் சொன்னான். பிறகு கோட்டின் சிப்பும் தொப்பியும் அந்தக் கதையில் சேர்ந்தன. கேட்டுக் களைத்த யாரோ, இதையே சொல்லிக்கொண்டிருக்காதே எண்டார்கள். குரல் நின்றது, உதடு மட்டும் அசைந்தது. பிறகு கைகள், இல்லாத கோட்டைப் போட்டு இல்லாத சிப்பை இழுத்தன. கடைசியில் மிஞ்சியது விரல்களில் ஒரு சின்ன அசைவு. மற்றப் பிள்ளைகள் விளையாட, அவன் மூலையில் நின்றான்.

அந்த அசைவை மட்டும் கண்ட ஒருவர் நரம்பு வருத்தம் எண்டு நினைத்திருக்கலாம். முழுக்கதையும் எழுதி வைத்திருந்ததால்தான் அது தடுக்கப்பட்ட ஒரு பேச்சு எண்டு தெரிந்தது.

அன்னா பிராய்டின் பெயரில் இயங்கிய நிலையத்தின் தலைவராகப் பின்னாளில் வந்தவர்தான் ஃபொனகி. 1991இல் அவரும் ஸ்டீல் தம்பதியும் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பிணித் தாய்மார் தங்கட சிறுவயதைப் பற்றிக் கதைத்த விதத்தை வைத்தே, பிறக்கப்போகும் பிள்ளை ஒரு வயதில் தாயோடு பாதுகாப்பாக ஒட்டியிருக்குமா எண்டதை நாலில் மூன்று பேரில் சரியாகக் கணிக்க முடிந்தது. பழைய கதைக்குப் புதுப்பெயர் எண்டு இதை ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. பிள்ளையின் மனதை யோசிக்கிற பெரியவர் பக்கத்தில் இருப்பதே ஒரு மருந்து எண்டு இதற்குப் பிறகுதான் வாதிட முடிந்தது.

சிகிச்சை அறையிலும் இதனால் மாற்றம் வந்தது. பழைய பாணிச் சிகிச்சையாளர், நீ அம்மாவோட கோபமாக இருக்கிறாய் எண்டு பிள்ளைக்கு விளக்குவார். இந்த முறையில் விளையாட்டை நிறுத்தி, கோட் போட்டு ஆயத்தமாக நிண்டா அம்மா கெதியா வருவா எண்டு நினைக்கிறியா எண்டு கேட்பார். பதில் வரும்வரை பொறுத்திருப்பார்.